மெட்ரிகுலேஷன் என்றால் என்ன?

கேள்வி: என் மகள் எல்.கே.ஜி. படிப்பது மெட்ரிகுலேஷன் பள்ளியில். ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்திருக்கும் உறவுக்காரப் பையனோ, 'நேற்றுதான் எனக்கு மெட்ரிகுலேஷன்' என்கிறான். யார் சொல்வது சரி?
- வாசகி, தென்காசி

பதில்: பையன் சொல்வதுதான் மூலப் பொருள். லத்தீனில் 'மெட்ரிகுலா' என்றால் பெயர்ப் பதிவேடு. அதில் பெயர் ஏறினால்தான் பல்கலைக்கழகத்துப் பிள்ளை. ஆக்ஸ்ஃபோர்டில் புதுமாணவர்கள் கறுப்பு அங்கியோடு வரிசையாகப் போய் உட்கார, துணைவேந்தர் லத்தீனில் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்.

நம்மூரில் கதை வேறு. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம், உள்ளே வர ஒரு தேர்வு வைத்தது. அதன் பெயர் மெட்ரிகுலேஷன். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த கணித மேதை ராமானுஜன் 1903-ல் தேறியது இதில்தான். பிறகு அந்தப் பெயர், தேர்வுக்குத் தயார் செய்த பள்ளிகளிடமே ஒட்டிக்கொண்டது. 1970களின் பிற்பகுதியில் அப்பள்ளிகள் பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் போயின. சமச்சீர் கல்வி வந்ததும் பத்தாம் வகுப்புவரை பாடமும் பொதுவானது. பெயர்ப்பலகை அப்படியே நின்றதால், கல்லூரி வாசலில் கேட்க வேண்டிய சொல் உங்கள் மகளுக்கு எல்.கே.ஜி.யிலேயே கிடைத்துவிட்டது!

ஒன்றை மட்டும் அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. அங்கே மெட்ரிக் என்றால் பத்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு பிளஸ் ஒன், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி என எதில் சேர்ந்தாலும், தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.