வடக்கன் மாட்டுக்கு லாடம் வேணுமோ?

உந்த எஸ்யூவிக்கு வின்ரர் ரயர் தேவையோ எண்டு என்னட்டைக் கேக்கிறாய். தேவையே இல்லை, மோனை. எவ்வளவு உயரமான வாகனம்! ஏறி இருந்தால் ஸ்காபரோவிலை அரைவாசி தெரியும். ஐம்பதாயிரம் டொலர் குடுத்து வாங்கின ஆளிட்டை ஐஸும் மரியாதையாய்த்தானே நடக்கும்?

ஒரு சின்ன வேலை மட்டும் செய். வெளியிலை போய் அதின்ரை பின்பக்கத்தை வடிவாய்ப் பார். ஏடபிள்யூடி எண்டு எழுதிக் கிடக்கோ? உயரமாய் நிக்கிறதெல்லாம் நாலு சில்லாலையும் இழுக்கிறதில்லை, கண்டியோ. விலை குறைஞ்ச மொடல் கனக்க முன்சில்லு ரண்டாலைதான் ஓடுது. கலியாண வீட்டிலை நீ "ஓல் வீல், ஓல் வீல்" எண்டு அளந்தது எனக்கு இன்னும் காதிலை நிக்குது. ஆனபடியால் வாங்கின கடதாசியையும் ஒருக்கா எடுத்துப் பாக்கிறது நல்லம்.

சரி, இருக்கெண்டே வைப்பம். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லமாட்டன். ஸ்நோ மூடின டிறைவ்வேயிலை இருந்து வெளிக்கிட, மேட்டிலை ஏற, பச்சை விழுந்த உடனை எல்லாருக்கும் முன்னாலை பாய அதைப்போலை ஒண்டில்லை. பாஞ்சு போய் அடுத்த சந்தியிலை சிவப்பைக் காணேக்கைதான் வில்லங்கம். பிறேக் எண்டது எந்தச் சின்னக் காருக்கும் நாலு சில்லிலையும் இருக்கு. உனக்கும் அதே நாலுதான். இழுக்கிறதுக்குக் கூடக் காசு குடுத்தனியே தவிர, நிப்பாட்டிறதுக்கு ஒரு சதமும் குடுக்கேல்லை. வளைவிலை திரும்புறதும் அப்பிடித்தான். அங்கை ரோட்டைப் பிடிக்கிறது ரப்பர் மட்டும். ஒவ்வொரு ரயரும் நிலத்திலை முட்டுறது உள்ளங்கை அகலம். வாகனம் பாரமெண்டும் சொல்லுவாய். அந்தப் பாரம் சறுக்கேக்கை உனக்கு உதவாது. நீ போய் இடிக்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

ஊரிலை விலைகூடின வடக்கன் மாட்டை வாங்கிப்போட்டு, லாடம் அடிக்கக் காசில்லை எண்டு நிண்ட ஆக்களைக் கண்டிருக்கிறன். அவையளும் உன்னைப்போலை நல்லாய்க் கதைப்பினம்.

ஓல் சீசன் ரயர் கிடக்கே எண்டு சொல்லப்போறாய். 7 பாகை செல்சியசுக்குக் கீழை இறங்க அதின்ரை ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். வின்ரர் ரயரின்ரை கலவை வேறை; கடுங்குளிரிலையும் மெத்தெண்டு இருக்கும். அதின்ரை முகத்திலை நுணுக்கமான கீறல்கள் நிறையக் கிடக்கும், அதுகளின்ரை விளிம்புதான் ஸ்நோவைக் கவ்விப் பிடிக்கிறது. ஆக, ஸ்நோ கொட்டினாப்பிறகு பாப்பம் எண்டிருந்தால் பிந்திப்போம். நவம்பர் விடியப்பறத்திலை ரோட்டு வெறுமையாய்க் கிடந்தாலும் குளிர் குளிர்தான். காத்தும் குறையும், 5, 6 பாகை இறங்க ஒரு பிஎஸ்ஐ அளவிலை போகும். டாஷ்போட்டிலை மஞ்சள் விளக்கு எரியிறதை அலங்காரம் எண்டு நினைக்காதை.

மொன்றியலிலை இருக்கிற உன்ரை மச்சானுக்கு உந்த யோசனையே இல்லை. கியூபெக்கிலை 2008 இலை இருந்து சட்டம். அங்கை பதிஞ்ச கார் எல்லாத்துக்கும் இப்ப டிசெம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 மட்டும் போட்டே ஆகவேணும். ஒன்ராறியோவிலை அரசாங்கம் உன்ரை புத்தியை நம்பி விட்டிருக்கு; எவ்வளவு நம்பிக்கை பார்! 2016 தொடக்கம் வின்ரர் ரயர் போட்டால் இன்சூரன்ஸ் கொம்பனி கழிவு குடுக்கவேணும் எண்டு மட்டும் சொல்லியிருக்கு. நீ வாய்திறந்து கேள், அவையள் வீடு தேடிவந்து தரப்போறதில்லை.

முன்னுக்கு ரண்டு மட்டும் போட்டால் போதாதோ எண்டும் கேப்பாய், உன்னை எனக்குத் தெரியும். போடலாம். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் உன்னை முந்திக்கொண்டு போகும். நாலும் இல்லாட்டில் ஒண்டும் வேண்டாம்.

வாங்கிறதெண்டால் ரயரின்ரை பக்கத்திலை மூண்டு முனை மலையும் உள்ளுக்குப் பனிப்பூவும் கீறிக் கிடக்கோ எண்டு பார். எம் பிளஸ் எஸ் எண்ட எழுத்தை மட்டும் கண்டு ஏமாறாதை. அது ரயர் முகத்தின்ரை வெட்டைப் பாத்துப் போடுறது, ஸ்நோவிலை ஓட்டிப் பாத்துக் குடுக்கிறதில்லை. ஓல் வெதர் எண்டு இன்னொரு சாதியும் இருக்கு. அதிலை மலைச்சின்னம் இருக்கும், கோடையிலையும் கழட்டத் தேவையில்லை. நகரத்துக்குள்ளை மட்டும் வேலைக்குப் போய்வாற ஆளுக்கு அது போதும் எண்டுதான் நான் சொல்லுவன். ஆனால் உன்ரை மாமியார் வீடு பரியிலை. ஜோர்ஜியன் விரிகுடாத் தண்ணியைக் காத்து அள்ளிவந்து ஸ்நோவாய்க் கொட்டுற பக்கம் அது. 400 ஆம் நெடுஞ்சாலையிலை போற ஆள் அரைகுறை வேலை பாக்கக்கூடாது.

உன்ரை 20 அங்குல ரிம்முக்கு ரயர் கொள்ளை விலைதான். 18 அங்குல இரும்பு ரிம் பிறேக்கிலை முட்டாமல் நிக்குமோ எண்டு கடையிலை கேள். நிண்டால் ரயரும் மலிவு, ரோட்டு உப்பும் உன்ரை அலோய் ரிம்மைத் தின்னாது. ஒரு செற் ஓடேக்கை மற்ற செற் தேயாமல் கிடக்கும், அந்தக் காசும் கொஞ்சம் திரும்பும்.

இல்லை, காசுதான் பெரிசெண்டால் இன்னொரு வழி இருக்கு. மருமோள் தன்ரை பழைய கொறொல்லாவுக்கு நாலும் போட்டு வைச்சிருக்கிறாள். என்னட்டைக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளை போட்டது. ஸ்நோ கொட்டுற நாளிலை உந்தப் பெரிசைக் கராஜிலை விட்டிட்டு அதிலை போ. திறப்பை நீதான் கேக்கவேணும். நான் சிபாரிசுக்கு வரமாட்டன்.