அசெம்பிளியல்: ஓர் அறிமுகம்

கணினி வாங்குவோர் இரு வகையினர். பெட்டியோடு வாங்கி வந்து, ஒயரைச் செருகி, அன்று மாலையே வேலையைப் பார்ப்போர் முதல் வகை. இவர்களிடம் ஆராய ஒன்றுமில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மதர்போர்டை ஒரு கடையிலும் ரேமை எதிர்க்கடையிலும் எஸ்எம்பிஎஸ்ஸை மாடிக்கடையிலும் பேரம் பேசி வாங்கி, வீட்டுக் கூடத்தில் செய்தித்தாள் விரித்து உட்காரும் இரண்டாம் வகையினரே இவ்வாய்வின் பொருள்.

இத்துறையின் முதல் துரோகம் 1976இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. ஸ்டீவ் ஜாப்ஸும் வாஸ்னியாக்கும் வெறும் சர்க்யூட் போர்டை மட்டும் விற்று, பாகங்களைப் பற்றவைக்கும் பேற்றை வாங்குவோருக்கே விட்டுவிட எண்ணியிருந்தனர். பைட் ஷாப் கடைக்காரர் பால் டெரெலோ, பற்றவைத்துக் கொடுத்தால் 50 எடுத்துக்கொள்கிறேன் என்றார். சொகுசு அன்றே உள்ளே நுழைந்துவிட்டது. நல்லவேளை, 666.66 டாலருக்கு விற்ற அந்த ஆப்பிள்-1இல் கேபினெட் இல்லை, கீபோர்டு இல்லை, பவர் சப்ளையும் இல்லை. வாங்கியவருக்குக் கொஞ்சம் வேலை மிஞ்சியது.

சிக்கனத்துக்காகவே தாமே பூட்டுவதாக இவ்வகையினர் சாதிப்பர். மிச்சம் பிடித்த பணத்தைத் தேடினால், கேபினெட்டுக்குள் ஏழு வண்ணத்தில் சுழலும் விசிறியில் கிடைக்கும். அந்தக் கேபினெட்டோ மேசைக்கடியில் சுவரைப் பார்த்து நிற்கும்.

களஆய்வில் கவனத்துக்குரியது மதர்போர்டின் ஓரத்துக் குட்டிக் கம்பிகள். பவர் ஸ்விட்ச், ரீசெட், எல்இடி ஒயர்களை இவற்றில் செருக வேண்டும். ஸ்விட்ச் ஒயரை எப்படிச் செருகினாலும் பாதகமில்லை. எல்இடிக்கு பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது. எது எதற்கு என்று போர்டிலேயே பொடியெழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை மறைத்துக்கொண்டு ஒரு கேபிள் படுத்திருக்கும். வாயில் டார்ச்சைக் கவ்வியபடி ஆய்வு தொடரும்.

ஸ்விட்சைப் போட்டும் திரை இருண்டே இருந்தால், ரேமைக் கழற்றி அதன் முனையைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகுவது மரபு. இதை மூடநம்பிக்கை என ஒதுக்கலாகாது. படிந்த அழுக்கு நீங்கினால் தொடர்பு சரியாவது மெய்தான். அன்று காலை கவர் பிரித்த ரேமையும் தேய்ப்பது மட்டும் பக்தியில் சேரும்.

உழைத்த நேரத்துக்குக் கூலி போட்டால் பெட்டிக் கணினியே மலிவு என்பது எதிர்த்தரப்பு வாதம். கணக்கு சரி, புரிதல்தான் பிசகு. சினிமா பார்த்துவிட்டு வருபவரிடம் மூன்று மணி நேரக் கூலி நஷ்டம் என்று யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. கணினி பூட்டுபவர் காசு கொடுத்ததே அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். கணினி கூடவே வந்தது.

பின்விளைவுகளும் உள. பாகத்துக்கொரு பில், பில்லுக்கொரு வாரண்டி. பழுதானால் எஸ்எம்பிஎஸ் கடைக்காரர் மதர்போர்டைக் கைகாட்டுவார். மதர்போர்டு கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸை. இதற்குள் செய்தி சொந்தபந்தத்தில் பரவியிருக்கும். "மாப்ள, நீதான் கம்ப்யூட்டரையே பூட்டுறியாமே, இந்த பிரிண்டர் ஏன் பேப்பரைத் திங்குதுன்னு வந்து பாரேன்" என்று மாமா போன் செய்வார். இந்த சர்வீஸுக்கு மட்டும் வாரண்டி முடிவதே இல்லை.