நம்ம விரலே நம்ம கண்ணைக் குத்துமா?

அருள்புரத்தில் யாருக்காவது கண் சிவந்தால் பல்லடம் ரோட்டில் வைத்தியருக்குப் பஞ்சமே இல்லை. போன ஆடியில் எனக்கு வலது கண் சிவந்தது. செக்கிங் டேபிளில் எதிரே உட்கார்ந்து பனியனைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்தார். "மெட்ராஸ் ஐ! யாரும் அவரு கண்ணப் பாக்காதீங்க, ஒட்டிக்கும்." பார்த்தாலே ஒட்டும் என்றால், டிவியில் செய்தி வாசிப்பவருக்கு ஒருமுறை வந்தால் போதும், தமிழ்நாடே படுத்துவிடும். சூப்பர்வைசர் பத்தடி தள்ளி நின்றே லீவு கொடுத்தார். நான் கேட்காமல் கிடைத்த ஒரே லீவு அதுதான். கட்டிங் மாஸ்டர் மட்டும் கிட்டே வந்து, இமையை விரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "சூடுங்க தம்பி. ராத்திரி தலைக்கு வெளக்கெண்ண வச்சுட்டுப் படுங்க."

வைத்தேன். மறுநாள் கண் அப்படியே இருந்தது, தலையணை மட்டும் பாழ். பீளை இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் ட்யூப்லைட் வெளிச்சம் கோணி ஊசியாய்க் குத்தியது. மூன்றாம் நாள் கண் டாக்டரிடம் போனேன். தாடையை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி, கீற்று வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார், "காலைல எந்திரிக்கும்போது இடுப்பு பிடிச்சுக்குதா?"

கண்ணுக்கு வந்தவனிடம் இடுப்பைக் கேட்கிறாரே, ரூம் மாறி வந்துவிட்டோமோ என்று போர்டைப் பார்த்தேன். கண் டாக்டர்தான்.

அவர் விளக்கினார். நிட்டிங் ஷெட்டில் ஜன்னல் வழியாக வெயில் விழும்போது பஞ்சுத் தூசி மிதக்குமே, அப்படி என் கண்ணின் முன்னறையில் வெள்ளை அணுக்கள் மிதக்கின்றனவாம். நோயின் பெயர் யூவியைட்டிஸ். லத்தீனில் 'ஊவா' என்றால் திராட்சை. வெள்ளைத் தோலை உரித்தால் உள்ளே கறுப்பாக இருக்கும் படலம் திராட்சையாட்டம் இருக்கிறதென்று யாரோ பசித்த வைத்தியர் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் படலத்தில் அழற்சி. கிருமி இல்லை. என் உடம்பின் காவல் படையே என் கண்ணைப் போட்டு அடித்திருக்கிறது.

மாஸ்டர் மேலும் அக்கா மேலும் அப்புறம் எனக்குக் கோபமே வரவில்லை. இந்த நோயின் கதையைத் தேடிப் படித்தால், கோட்டு போட்டவர்கள் இதைவிடப் பெரிய விளக்கெண்ணெயெல்லாம் தடவியிருக்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு குற்றவாளியைப் பிடித்து வந்தார்கள், எல்லாம் வெளியாட்கள்.

முதல் கேஸ் நம்ம ஊர்ப்பக்கத்துக் கேஸ்தான். காளத்தி மலையில் திண்ணன் என்ற வேடுவன், வயசு 16. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் விவரமாகவே எழுதி வைத்திருக்கிறார். சாமியின் வலது கண்ணில் ரத்தம். பச்சிலை பிழிந்து பார்த்தான், நிற்கவில்லை. சதைக்குச் சதைதான் மருந்து என்று பெரியவர்கள் சொன்னது ஞாபகம் வந்து, அம்பால் தன் கண்ணைத் தோண்டி அப்பினான். ரத்தம் நின்றது. ரத்த வகை பார்க்கவில்லை, திசுப் பொருத்தம் பார்க்கவில்லை, கையெழுத்துக்கூட வாங்கவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது அடுத்த சீன்: ஒரு கண் சரியான கையோடு இடது கண்ணில் ரத்தம். ஒரு கண்ணுக்கு அடி, மறு கண்ணுக்கு வலி. இதைக் கண் டாக்டரிடம் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்.

ஏனென்றால் அப்படி ஒரு நோய் நிஜமாகவே உண்டு. 1812-இல் பிரான்ஸில், கூவ்ரே கிராமத்தில், குதிரைச் சேணம் தைப்பவரின் மூன்று வயசுப் பையன் அப்பாவின் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடி ஒரு கண்ணில் குத்திக்கொண்டான். குத்துப்படாத கண்ணும் அழன்று, ஐந்து வயசுக்குள் இரண்டும் போயின. அவன்தான் லூயி பிரெயில். விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை 15 வயசில் உண்டாக்கியவன். கிளாஸ்கோ டாக்டர் வில்லியம் மெக்கன்சி இந்த வினோதத்தை ஆராய்ந்து வைத்த பெயரைத் தமிழாக்கினால் 'அனுதாபக் கண்ணழற்சி' என்று வரும். பக்கத்து வீட்டில் இழவு விழுந்தால் நம் வீட்டிலும் அடுப்பு எரியாதே, அந்த மாதிரி! பார்வை நரம்பு வழியாக நோய் குறுக்கே போய்ச் சேருகிறது என்று அந்தக் காலத்து டாக்டர்கள் கணக்குப் போட்டார்கள். அடிபட்ட கண்ணை இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட்டால் மற்றது தப்பும் என்பது அவர்கள் அனுபவத்தில் கற்றது.

அடிபட்ட எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. மிக அபூர்வம். நம்ம சுக்கிராச்சாரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவலி தானம் கொடுப்பதைத் தடுக்க வண்டாகிக் கெண்டிக்குள் புகுந்து அடைத்துக்கொண்டார். வாமனன் தர்ப்பையால் குத்தி ஒரு கண்ணை எடுத்துவிட்டான். மற்றக் கண் இன்றுவரை நவகிரக வரிசையில் நன்றாகத்தான் இருக்கிறது. மரபணு ராசி!

அப்போது யார்தான் குற்றவாளி? 'நம் உடம்பே' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வராததற்குக் காரணம், பால் ஏர்லிக் என்ற ஜெர்மன் மேதை. 1900-ஐ ஒட்டி அவர் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். அந்த ரத்தத்தை எதிர்த்து ஆயுதம் செய்த ஆடு எதுவும் தன் ரத்தத்தை எதிர்த்துச் செய்யவில்லை. உடம்பு தன்னைத்தானே தாக்க அஞ்சும் என்று கண்டு, அதற்கு லத்தீனில் பயங்கரமாக ஒரு பெயர் வைத்தார். நம்ம கிழவிகள் 'நம்ம விரலே நம்ம கண்ணக் குத்துமா' என்று திண்ணையில் வைத்துச் சொன்ன அதே சங்கதி. கிழவிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏர்லிக்குக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக.

இரண்டே வருஷத்தில், 1910-இல், பிராகு நகரத்துக் கண் டாக்டர் அன்டன் எல்ஷ்னிக், 'குத்தும்' என்றார். அடிபட்ட கண்ணின் கறுப்புப் படலத்துச் சரக்கு ரத்தத்தில் கலக்கிறது, உடம்பு அதை அந்நியமென்று எடுத்துக்கொண்டு மறு கண்ணையும் தாக்குகிறது. மேதை மேதை என்று எல்லாரும் ஏர்லிக்கையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததால், இந்த யோசனை ஊரெல்லாம் ஏற நாளாயிற்று.

இதை எங்கள் கம்பெனிக் கணக்கில் சொன்னால் நிமிஷத்தில் புரியும். உடம்பின் நோய் எதிர்ப்பு என்பது செக்கிங் செக்ஷன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற இடத்தில் ட்ரெய்னிங். நம்ம பீஸையே ரிஜெக்ட் அடிக்கிற ஆளை அங்கேயே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் கண் ஒரு பூட்டிய குடோன். செக்கிங்காரர்கள் அடிக்கடி உள்ளே வந்து தட்டிப் பார்த்தால் கண்ணாடியாட்டம் இருக்கிற சாமான் கெட்டுவிடும் என்று இயற்கை கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பீட்டர் மெடாவர் 1948-இல் முயலின் கண்ணுக்குள் வேறு முயலின் தோலை வைத்துப் பார்த்தார். வேறு இடத்தில் வைத்தால் தூக்கி எறியும் உடம்பு, கண்ணுக்குள் வைத்ததைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. குத்தூசி குடோன் சுவரை உடைத்தால்தான் வினை. உள்ளே இருந்த லாட் வெளியே சிதறுகிறது. செக்கிங்காரன் அதை ஜென்மத்தில் பார்த்ததில்லை. 'யாரு சரக்குடா இது' என்று ரிஜெக்ட் சீல் குத்துகிறான். அதோடு விட்டால் பரவாயில்லை, அதே லாட் இருக்கிற இன்னொரு குடோனுக்கும் சீலை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அதுதான் மறு கண்.

குற்றவாளி யாரென்று தெளியாத காலத்தில் நடந்த வைத்தியம் இருக்கிறதே! நெற்றிப் பொட்டில் அட்டை விட்டார்கள். பாதரசம் கொடுத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் அறிவியல் முன்னேறி, சொத்தைப் பல்லிலிருந்து விஷம் கண்ணுக்கு ஏறுகிறது என்று கண்டு, கண் சிவந்தவனின் பல்லைப் பிடுங்கினார்கள். பல் தீர்ந்தால் டான்சில். அப்புறம் பால் ஊசி வந்தது. காய்ச்சிய பசும்பாலைப் புட்டத்தில் ஏற்றுவார்கள். காய்ச்சல் தூக்கும், அந்தக் காய்ச்சலில் கண் தெளியும் என்று நம்பிக்கை. சிலருக்குத் தெளிந்தும் இருக்கிறது. உடம்பு பதறிப்போய்த் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரந்திருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் காரணம் சொன்னார்கள். அந்த வகை மருந்துக்கே 1950-இல் நோபல் வந்தது. எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மணிக்கொரு சொட்டும் அந்த வம்சம்தான். நல்லவேளை, பல்லும் புட்டமும் தப்பின.

எனக்குப் பிடித்தவர் பர்மிங்காம் ஹென்றி ஈல்ஸ். 1880-இல், இளவட்டப் பையன்கள் சிலருக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிவதைக் கண்டார். கூடவே மூக்கில் ரத்தம் வந்தது, மலச்சிக்கலும் இருந்தது. மலச்சிக்கலையும் கண் ரத்தத்தையும் ஒரே தலைப்பில் கட்டுரையாக எழுதி உலகப் புகழ் பெற்றார். ஆக மாஸ்டரின் வைத்தியத்துக்கு இங்கிலாந்திலேயே ஆதாரம் இருக்கிறது. விளக்கெண்ணெயைத் தலைக்கு வைப்பதா வயிற்றுக்குக் கொடுப்பதா என்பதில்தான் இருவருக்கும் கருத்து வேறுபாடு. ஈல்ஸ் கண்டது நிஜத்தில் விழித்திரை ரத்தக்குழாய்களின் அழற்சி. ஈல்ஸ் நோய் இங்கிலாந்தில் அருகிப்போய் இப்போது இந்தியாவில்தான் அதிகம். நோயாளிகள் சிலரின் கண்ணில் காசநோய்க் கிருமியின் தடயத்தைச் சென்னை சங்கர நேத்ராலயா ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மலச்சிக்கல் நிரபராதி.

சரி, செக்கிங்காரன் சிலரிடம் மட்டும் ஏன் முறைக்கிறான்? பதில் லேபிளில் இருக்கிறது. பனியன் கழுத்தில் தைக்கிற லேபிளாட்டம் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு லேபிள் உண்டு: எச்எல்ஏ. அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று ஜோடியாக வரும். பாரிஸில் ஜான் தோசே 1958-இல் இதன் முதல் நூலைப் பிடித்து இழுத்தார். கிட்னி மாற்றுகிறவர்கள் பொருத்தம் பார்க்கத்தான் இது என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. 1973-இல் லண்டன் டாக்டர் டெரிக் பிரூவர்ட்டன், முதுகெலும்பு மூங்கிலாட்டம் இறுகிப்போகும் நோயாளிகள் 75 பேரைப் பார்த்தார். 72 பேரிடம் பி27 லேபிள். நோயில்லாத 75 பேரில் 3 பேரிடம்தான். அதே வருஷம் அவர் குழு இன்னொன்றும் சொன்னது: திடீரென்று ஒரு கண் சிவந்து வலிக்கிறவர்களிடமும் இதே லேபிள் நிறைய. டாக்டர் ஏன் இடுப்பைக் கேட்டார் என்று இப்போது தெரிகிறதா?

பட்டுப் பாதை நெடுக துருக்கி முதல் ஜப்பான் வரை பி51 என்று இன்னொரு லேபிள். வாய்ப்புண்ணையும் கண் சீழையும் சேர்த்து 1937-இல் எழுதிய இஸ்தான்புல் டாக்டர் ஹுலூசி பெஹ்செட்டின் பெயரிலுள்ள நோய் அதோடு போகிறது. ஆனால் லேபிள் இருப்பதாலேயே நோய் வராது. பி27 உள்ளவர்களில் பெரும்பாலோர் சாகும்வரை கண் சிவக்காமல் சீரியல் பார்க்கிறார்கள்.

இப்படி எல்லாப் பழியும் உடம்பின் மேலேயே விழுந்து கதை முடியும் நேரத்தில், மதுரை குறுக்கே வந்தது. 1993 கடைசியில் தென்மாவட்டங்களில் வெள்ளம். சில மாதத்தில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு யூவியைட்டிஸ் கேஸ்கள் வரிசை கட்டின. டாக்டர் எஸ். ஆர். ரத்தினம் குழு துருவிப் பார்த்தால், எலி சிறுநீர் கலந்த தண்ணீரில் பரவும் லெப்டோஸ்பைரா. எலிக் காய்ச்சல்! 1997-இல் 73 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். 'வெளியாள்தான், வெளியாள்தான்' என்று உலகம் கத்தியபோது உள்ளாளாக இருந்தது. 'உள்ளாள்' என்று அடங்கியபோது எலி வந்து நிற்கிறது. அதிலும் ஒரு குசும்பு, அந்தக் கிருமியின் புரதங்கள் சில கண்ணின் புரதங்கள் மாதிரியே இருக்கின்றன. எலி போனாலும் செக்கிங்காரன் ஏமாந்து நம்ம பீஸையே அடிக்க வாய்ப்பிருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் கதை தனி. கோவிந்தப்ப வெங்கடசாமிக்குப் பிரசவ டாக்டர் ஆக ஆசை. 30 வயசு வாக்கில் முடக்குவாதம் விரல்களை முறுக்கிப்போட்டது. அதுவும் உடம்பு தன் மூட்டைத் தானே அடிக்கிற நோய்தான். கோணல் விரலில் கத்தி பிடிக்கப் பழகி, கண் டாக்டராகி, ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். ஏர்லிக் அந்த விரல்களைப் பார்த்திருந்தால் லத்தீனை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பார்.

எனக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பி27 இருக்கிறது. சாயங்காலம் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொன்னேன். நாற்பது வருஷம் தறி ஓட்டினவர். கூன் விழுந்த முதுகுக்கு அத்தனை வருஷமும் தறியைத்தான் திட்டினார்.

"என்னடா பேரு சொன்ன?"

"பி இருபத்தேழுங்ப்பா."

"டவுன் பஸ் நம்பராட்ட இருக்குது. எங்கிருந்து வருதாமா?"

"உங்ககிட்டருந்துதானுங்ப்பா."

அப்பாவுக்குக் கழுத்து திரும்பாது. என்னைப் பார்க்க உடம்பு முழுவதையும் மெதுவாகத் திருப்பினார்.

"அப்பிடியெல்லாம் இருக்காது. பல்லடத்துல இருந்துதான் வந்துருக்கோணும். உங்கம்மா ஊரு."