தாத்தாவுக்குக் கல்யாணம்

புத்தளம்,
16.3.2025

அன்புள்ள அக்கா,

வந்து ரெண்டரை மாதமாகியும் விவரமாக ஒன்றும் சொல்லவில்லை என்று வாட்ஸ்அப்பில் திட்டியிருந்தாய். போன் போட்டால் நீ பாதியில் "குக்கர் விசில்" என்று ஓடிவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

"தம்பி வெளிநாடு போறான்" என்று தெரு முழுக்கச் சொல்லி, அம்மா ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தாளே, அது இப்போது எனக்குத் தலையணை. இங்கேயும் நம் தூத்துக்குடி வெயில்தான், அதே உப்புக் காற்றுதான். மதுரையில் பிளேன் ஏறி, கொழும்பில் இறங்கி, நாலு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு, பாலாவி தாண்டும்போது எட்டிப் பார்த்தால் பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்பில் வெள்ளைக் குவியல். சுற்றிச் சுற்றி முத்தையாபுரத்துக்கே வந்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் வயிறு கலங்கிவிட்டது. மேப்பில் நேர்க்கோடு போட்டால் நம் வீட்டிலிருந்து இந்த ஊர் சுமார் 200 கிலோமீட்டர். கோயம்புத்தூர் இதைவிடத் தூரம். 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்களே, அது ஆறு மாதத்துக்குள்ளேயே நின்றுபோகாதிருந்தால் நான் லுங்கியோடு வந்திருக்கலாம்.

புது அளம் என்பதுதான் புத்தளம் ஆயிற்று என்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் இந்த வருஷம் உப்புக்குத் தட்டுப்பாடு! மழை பெய்து விளைச்சல் கெட்டு, ஜனவரியில் இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினார்கள். நானும் அதே சமயத்தில் வந்து இறங்கியதால், கருவாட்டுக் கடை நானா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சேர், வரக்குள்ள உப்புக் கொண்டு வந்தீங்களா?"

நானா என்றால் இங்கே அண்ணன். இது தெரியாமல் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். அறையில் பல்பு எரியவில்லை என்றேன். வீட்டுக்கார உம்மா, "பல்பு போட நானா இருக்கார்" என்றார். "நானா? எனக்குக் கரண்ட் வேலை தெரியாதே!" என்று பதறினேன். உம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாக, "நீங்க இல்ல மகன், நானா" என்றார். நான் இன்னும் குழம்பிப்போனேன்.

இங்கிலீஷ் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டபோது டியூஷன் முதலாளி போனில் "கடல் தெரியும் வகுப்பறை" என்றார். பொய்யில்லை. கருவாட்டுக் கடைக்கு மேல் மாடி. கடல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். இது நோன்பு மாதம், தராவீஹ் தொழுகை முடிந்த பிறகுதான் வகுப்பு. கத்தார் ஹோட்டல் வேலைக்கு நேர்முகம் போகப்போகும் பையன்கள் பாதி, ஓ.எல். பரீட்சைப் பிள்ளைகள் பாதி. எல்லாருக்கும் இலக்கணம் தண்ணீர்பட்ட பாடு. வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் பூட்டு. சிங்களத்தில் இங்கிலீஷுக்குக் கடுவ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வாள் என்று அர்த்தம். வெட்டுப்பட்டவன் வைத்த பெயர் போலிருக்கிறது. தப்பாக ஒரு வார்த்தை விழுந்தால் வகுப்பே சிரிக்கும். எனக்கென்னவோ முதலில் சிரிக்கிறவனிடம்தான் ஃபீஸைக் கூட்டி வாங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆனால் பிப்ரவரி 9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு குரங்கு எனக்குப் பெரிய உபகாரம் செய்தது. பாணந்துறையில் மின்சார வாரியத்துத் துணை மின்நிலையத்தில் அது கை வைக்க, நாடு பூராவும் கரண்ட் போய்விட்டது. எங்கள் ஊர்க் களப்புக்கு அந்தப் பக்கம் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின் நிலையம் இருக்கிறது. அதுவும் சேர்ந்து படுத்துவிட்டதால் அடுத்த நாளிலிருந்து ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் செயப்பாட்டு வினை நடத்தினேன். "ஒரு குரங்கால் இலங்கை இருட்டாக்கப்பட்டது" என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னதும், ஒரு மாதமாக வாயே திறக்காத பையன்கூடக் கத்திச் சொன்னான். "ஆல்" வரவேண்டிய இடத்தில் சரியாக "பை" வந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் நான் அசிங்கப்பட்டேன். வீட்டில் நடக்கப்போகும் விசேஷம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். ஒரு பிள்ளை எழுந்து, முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தாள்: "பெருநாள் முடிஞ்ச பொறகு எங்கட தாத்தாவுக்குக் கலியாணம், சேர்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "அவருக்கு என்ன வயசும்மா?" என்றேன்.

"இருவத்திரண்டு."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா! நான் போர்டில் நம் ஊர் அர்த்தத்தைப் பெருமையாக எழுதிப்போட்டு விளக்க, பின் பெஞ்சிலிருந்து ஒரு சிங்களப் பையன் எழுந்து, "சேர், எங்களுக்குத் தாத்தா எண்டா அப்பா" என்றான். ஒரே சொல்லில் மூன்று தலைமுறை. இங்கிலீஷ் மூடிவைக்கப்பட்டது. மிச்ச நேரம் முழுக்க யாருக்கு யார் தாத்தா என்கிற வழக்குதான்.

சுற்றுலாப் பயணிகள் இங்கே இறங்குவதில்லை. காற்றுப் பிடித்துக் கடலில் சறுக்கவும் டால்பின் பார்க்கவும் கற்பிட்டிக்குப் போகிறார்கள், சிறுத்தை பார்க்க வில்பத்துவுக்குப் போகிறார்கள். தப்பித்தவறி ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்க நின்றார். "சேர், கதைங்க, கதைங்க" என்று பையன்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். கதைத்தேன். அவர் இத்தாலிக்காரர், இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. கருவாட்டுக் கடை நானா கையால் இரண்டு வளைவு காட்டி அனுப்பிவைத்தார்.

தேநீர்க் கடைப் பெரியவர் ஒருவர் எனக்குச் சரித்திரமும் சொல்லித் தருகிறார். 1344-இல் உலகம் சுற்றிய இபன் பதூதா வந்து இறங்கியது இந்தக் கரையிலாம். ஆரியச் சக்கரவர்த்தி அரசருக்குப் பாரசீகம் விளங்கும், அந்நிய தேசத்துக் கதைகளைக் கேட்டுக்கொண்டே மூன்று நாள் விருந்து வைத்து, முத்தெல்லாம் காட்டினாராம். (எனக்கு முன்பணமே பாதிதான் வந்திருக்கிறது.) அத்தோடு விட்டாரா? கற்பிட்டியில் 1807-இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834-இல் இலங்கைக்கு ஒரு கெசட்டியர், 1859-இல் நம் புலவர்கள் வரலாற்றைத் "தமிழ் புளூட்டார்க்" என்று ஒரு புத்தகம், இரண்டையும் இங்கிலீஷில் எழுதியவராம். "இந்தக் கரைக்கா தம்பி நீங்க இங்லிஷ் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டு, என் பிளேன்டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

வீட்டுக்கார உம்மா யாழ்ப்பாணத்தவர். 1990 அக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இரண்டு மணி நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர். அந்தச் சாவியை இன்னும் அலுமாரியில், சேலைக்கு நடுவில் வைத்திருக்கிறார். ஒருநாள் எடுத்துக் காட்டினார், துருவே இல்லை. எண்ணெய் போட்டுத் துடைப்பாராம். "நீங்க வந்து ரெண்டரை மாசம், சேர் எண்டு கூப்பிடுறாங்க. நாங்க வந்து முப்பத்தி நாலு வருசம், இன்னும் அகதி எண்டுதான் சொல்றாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோன்புக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று உம்மாவிடம் உன் போட்டோவைக் காட்டினேன். நீ மக்ரூன் டப்பாவோடு நிற்கிறாயே, அது. பார்த்துவிட்டு, "பெருநாளைக்கு உங்கட தாத்தாவ ஒருக்கா இங்க வரச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நின்ற சிங்கள வீட்டு அக்கா அப்பாவைச் சொல்கிறார் என்று நினைத்து, "அவருக்குப் படியேற ஏலுமா?" என்று கவலைப்பட்டாள்.

டிக்கெட் போடு. மக்ரூன் ரெண்டு டப்பா. உப்பு ஒரு கிலோ, கடை நானாவுக்கு.

உன் தம்பி