கேளுங்கள், போய் வருவோம்! போடி முதல் ஏலமலை வரை

கேள்வி: லீவு விட்டால் போதும், பிள்ளைகள் தீம் பார்க், தீம் பார்க் என்று ஒரே பிடிவாதம். போடிப் பக்கம் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது?
– உசிலம்பட்டி வாசகி

பதில்: மலை இருக்கிறதே! போடி கடல்மட்டத்துக்கு 1,000 அடிக்குச் சற்று மேலே. போடிமெட்டு 4,000 அடிக்கும் மேலே. நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே மாவும் இலவமும், இடையில் பாறையும் காடும், மெட்டைத் தாண்டினால் நிழல் மரங்களுக்கடியில் ஏலம். அடிவாரத்து முந்தலில் வேர்த்துக் கொட்டிய பிள்ளை மெட்டில் ஸ்வெட்டர் கேட்கும். வளைவுக்கு வளைவு என்ன மாறுகிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். டிக்கெட் கிடையாது, வரிசையும் கிடையாது.

கேள்வி: வளைவு ஏறினாலே என் மகளுக்குக் குமட்டுகிறது. என்ன செய்ய?
– ஆண்டிபட்டி வாசகர்

பதில்: வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டப் பூரியும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார வைத்துத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போன் பைக்குள் இருக்கட்டும். ஓட்டுபவருக்கும் ஒன்று: ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், இறக்கத்தில் கியரைக் குறைத்து வையுங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: ஏலக்காய் எடுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எந்த மாதம் வரலாம்?
– திண்டுக்கல் வாசகி

பதில்: மே மாதம் வந்தால் செடியைப் பார்க்கலாம், காய் எடுப்பைப் பார்ப்பது அரிது. ஆடி, ஆவணியில் சூடுபிடிக்கும் எடுப்பு தை வரை ஓடும். ஆகவே காலாண்டு லீவுதான் சரியான நேரம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என்றால் மண்சரிவு பயம் உண்டு. வானிலை பார்த்துக் கிளம்புங்கள்.

ஏலக்காய் மரத்தில் தொங்கும் என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆளுயரச் செடியில் காய் பிடிப்பது அடியில், தரையை ஒட்டிய சரத்தில். அதனால்தான் காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக விளையாது. விளைந்ததை மட்டும் பார்த்து எடுத்துவிட்டு, சில வாரம் கழித்து அதே செடிக்குத் திரும்புவார்கள்.

கேள்வி: பறித்த பச்சை அப்படியே டப்பாவுக்கு வந்துவிடுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், கம்பம்

பதில்: வராது தம்பி. வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். அதனால் ‘ஸ்டோர்’ எனும் உலர்கூடத்தில் மிதமான சூட்டில் ஒரு பகலும் இரவும் போல உலர்த்துகிறார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய்க்கு 1 கிலோதான் தேறும். பிறகு சலித்துப் பருமன் பிரித்து ஏலத்துக்குப் போகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர்களில் ஒன்று போடி. இன்னொன்று மலைக்கு மேலே, கேரளத்தின் புற்றடி. உங்கள் வீட்டுப் பாயசத்தில் இரண்டு மாநிலம் கலந்திருக்கிறது!

கேள்வி: கார் இல்லாத குடும்பம் எப்படி வருவது?
– மதுரை வாசகர்

பதில்: ரயிலில். 1928-இல் வந்த பாதை இது. அகலப்பாதைக்காக 2010 முடிவில் நின்ற ரயில், 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடிக்கு வருகிறது. மதுரையிலிருந்தும் உண்டு, சென்னையிலிருந்தும் உண்டு. நேரம், கிழமை பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஆண்டிபட்டிக் கணவாய் வரும்போது பிள்ளைகளுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுங்கள்.

கேள்வி: குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் குடும்பத்தோடு ஏறலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஓர் அடிகூட வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மனிதனைவிட வேகமாக ஏறும். வனத்துறை பாதையை மூடியிருக்கும் மாதத்தில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளோடு குரங்கணி வரை பஸ்ஸில் போய், ஊரிலிருந்தே மலையை அண்ணாந்து பார்த்தாலே கதை கிடைக்கும். மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடி சேர்ந்த காலம் ஒன்று உண்டு. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது.

கேள்வி: கொழுக்குமலை தமிழ்நாடா, கேரளமா?
– சென்னை வாசகி

பதில்: இடம் தேனி மாவட்டம், ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. முதுகுவலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அந்த ஜீப்பில் ஏற வேண்டாம். தாத்தா பாட்டியோடு வந்தால் பூப்பாறை வழியே ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் போங்கள். சாலையோரம் நின்றே தேயிலைச் சரிவையும் தண்ணீரையும் பார்க்கலாம்.

கேள்வி: போடிமெட்டு, மூணாறு, சுருளி, மேகமலை எல்லாம் ஒரே நாளில் முடியுமா?
– கோவை வாசகர்

பதில்: வண்டி முடிக்கும், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம்.

கேள்வி: ஏலத்தோட்டத்துக்குள் போனால் விரட்டுவார்களா?
– விருதுநகர் வாசகி

பதில்: கேட்காமல் போனால் விரட்டத்தான் வேண்டும். கேட்டுப் போனால் பல இடங்களில் அன்போடு காட்டுவார்கள். செடியில் மருந்து அடித்திருப்பார்கள்; பிள்ளைகள் காயைப் பறித்து வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போடியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் விடியுமுன்னே ஜீப் ஏறி இங்கே வேலைக்கு வரும் அக்காமார்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முதலில் வணக்கம் சொல்லுங்கள்.

நமக்கு லீவு நாள், அவர்களுக்குக் கூலி நாள். இதைப் பத்து வயதில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளை, விலை கேட்கும்போதும் பேரம் பேசும்போதும் அதை நினைத்துப் பார்க்கும். குடும்பத்தோடு மலையேறுவதில் நான் பெரிதாக நினைக்கும் லாபம் அதுதான். திரும்பும்போது நல்ல பச்சையும் திரட்சியுமாக 50 கிராம் ஏலக்காய் வாங்குங்கள். பிளாஸ்டிக் குப்பை ஒன்றுவிடாமல் உங்கள் பையிலேயே கீழே இறங்கட்டும்.