பகலில் விளைவதை இரவுக்கு வைப்பது எப்படி?

கே: கெலமங்கலம் குளிர் பிரதேசமாயிற்றே, இங்கே சோலார் எடுபடுமா?

ப: பேஷாக எடுபடும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அல்ல. 25 டிகிரியைத் தாண்டிப் பேனல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். வேலூரில் வேகும் பேனலைவிட உங்கள் ஊர்ப் பேனல் சுறுசுறுப்பாக உழைக்கும். 1 கிலோவாட்டுக்குத் தினம் சுமார் 4 யூனிட் எதிர்பார்க்கலாம். நீங்கள் பயப்பட வேண்டியது ஜல்லி கிரஷர் தூசிக்கு. வெயில் ஏறுமுன் கழுவிவிடுங்கள்.

கே: மாடியில் 3 கிலோவாட் போட்டேன். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாயும் வந்துவிட்டது. ஆனால் பட்டப்பகலில் கரண்ட் போனால் என் வீட்டிலும் ஃபேன் நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை. லைன் செத்துவிட்டது என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் மாடி கரண்ட் கம்பிக்குள் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால்தான் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடுகிறது. ஃபேன் ஓடியே தீர வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

கே: விவசாயக் கரண்ட் இலவசம்தான். ஆனால் மும்முனை வருவது ராத்திரியில். ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் யானைக்குப் பயந்துகொண்டே மோட்டார் போடப் போகிறேன். பேட்டரி வாங்கலாமா?

ப: மோட்டாருக்குப் பேட்டரி கட்டுப்படியாகாது. தொட்டி கட்டுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் தரும் சோலார் பம்ப் பகலெல்லாம் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றட்டும். பிறகு வேண்டியபோது வால்வைத் திறந்தால் சொட்டுநீர் ஓடும். தொட்டிதான் உங்கள் பேட்டரி. பொள்ளாச்சிக்கு மேலே கடம்பாறையில் 1987 முதல் மின்வாரியம் செய்வதும் இதுதான். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். 4 யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய 3 திரும்பி வரும். நஷ்டம்போலத் தோன்றும். ஆனால் மத்தியானம் ஆளில்லாமல் கிடக்கும் யூனிட்டும் ராத்திரி 7 மணி யூனிட்டும் ஒரே விலை அல்லவே! நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒன்றைக் கட்டத் தொடங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. இவ்வளவு காற்றாலையும் சோலாரும் உள்ள மாநிலத்துக்கு இதுபோல இன்னும் நாலைந்து எப்போதோ வந்திருக்க வேண்டும்.

கே: ஓசூரிலேயே தயாரான மின்சார ஸ்கூட்டரில் நைட் ஷிப்ட் போகிறேன். கரண்ட் நிலக்கரியில் வருகிறதே, என் புகையை மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு அனுப்பிவிட்டேனா?

ப: கொஞ்சம் அனுப்பியிருக்கிறீர்கள். ஆனாலும் பெட்ரோல் இன்ஜின் எரிபொருளில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்குகிறது, மோட்டார் அப்படியில்லை. தவிர, உங்களுக்கு யோகம் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் நீங்கள் தூங்கும்போது வண்டியும் வீட்டில்தான் நிற்கும். காலை 10 மணிக்கு மேல் சார்ஜ் போடுங்கள். பேட்டரி குடிப்பது சுமார் 3 யூனிட். மாடியில் 1 கிலோவாட் பேனல் இருந்தால் அதுவே தந்துவிடும். டே ஷிப்ட் வாரங்களில் என்ன செய்வது என்றால், கம்பெனி பார்க்கிங் ஷெட் கூரையில் பேனலும் கீழே சார்ஜ் பாயிண்ட்டும் கேளுங்கள். தனியாக வேண்டாம், ஷிப்டில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.