டிக்கெட் முந்தியோ, கோளாறு முந்தியோ?

பெறுநர்: கணினி உதவிப் பிரிவின் உயர்திரு தலைமை அவர்கள், பெயர் சொல்லக் கூடாத ஒரு மென்பொருள் நிறுவனம், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

அனுப்புநர்: வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு பொறியாளர், உத்தரகோசமங்கை, ராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: கடவுச்சொல் காலாவதியானதைத் தெரிவிக்கக் கடவுச்சொல் கேட்கப்படுவது – நிவாரணம் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: ‘தங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது’ எனத் தங்களிடமிருந்து வந்த மின்னஞ்சல்கள் ஏழு.

ஐயா, அம்மா,

மனுதாரர் உத்தரகோசமங்கையில் பிறந்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பி, திரும்பியவர் அப்படியே தங்கிவிட்டவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பொறியாளர்கள் மடிக்கணினியும் கையுமாகச் சொந்த ஊருக்கு வண்டியேறினார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கு இருந்த பழைய கெடுபிடிகளை அதே ஆண்டு நவம்பர் 5 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பெருமளவு தளர்த்தியது. டெல்லியே இறங்கி வந்த பிறகு இனி யார் தடுக்கப்போகிறார்கள் என்று மனுதாரர் நினைத்தார். தங்களை மறந்துவிட்டார்.

‘மண் முந்தியோ, மங்கை முந்தியோ’ என்பது இந்த ஊர்க்காரர்களின் பெருமை. மண் தோன்றும் முன்பே மங்கை தோன்றிவிட்டதாம். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அதே தினுசிலான இன்னொரு கேள்விக்கு மட்டும் தங்கள் பிரிவு கணப்பொழுதில் தீர்ப்புச் சொல்லும். டிக்கெட் முந்தியோ, கோளாறு முந்தியோ? டிக்கெட், அதாவது தங்கள் தளத்தில் பதியும் புகார்ச் சீட்டுதான் முந்தி. டிக்கெட் எண் பெறாத கோளாறு இன்னும் பிறக்கவே இல்லை. மடிக்கணினியிலிருந்து புகை வந்தாலும், புகை எந்த வகைப்பாட்டில் வரும், வன்பொருளா மென்பொருளா என்று தேர்ந்தெடுத்த பிறகுதான் அது புகை.

நடந்தது இதுதான். ஒரு திங்கட்கிழமை காலை மனுதாரரின் கடவுச்சொல் காலாவதியானது. காலாவதியானால் வி.பி.என்., அதாவது வீட்டிலிருந்து அலுவலக வலைக்குள் நுழையும் வாசல், இணையாது. புதுக் கடவுச்சொல் வாங்க டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் போடும் தளம் வி.பி.என். வழியாகத்தான் திறக்கும். தொலைபேசியில் அழைத்தால், விரைவான சேவைக்குத் தளத்தில் டிக்கெட் பதியுமாறு ஒரு பெண் குரல் அன்போடு சொன்னது. சக ஊழியர் ஒருவர் மனுதாரர் சார்பில் டிக்கெட் போட்டார். பாதிக்கப்பட்டவரே பதிய வேண்டும் என்று அது திரும்பி வந்தது. கடைசியில் ஒரு தம்பி இரக்கப்பட்டு, ‘ரிமோட் எடுத்துப் பாத்துடறேன் சார், வி.பி.என். மட்டும் கனெக்ட் பண்ணிடுங்க’ என்றார்.

மாலையில் மின்னஞ்சல் வந்தது. உரையாடல் செயலியில் மூன்று முறை கூப்பிட்டும் பயனாளர் பதிலளிக்காததால் கோரிக்கை மூடப்பட்டதாம். அந்தச் செயலியும் வி.பி.என். இல்லாமல் ஓடாது என்பதை மனுதாரர் இங்கே சொல்லத் தேவையில்லை. அதே திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாறவில்லை, கண்மாயை அடைத்துவிட்டார்கள் என்று கையில் காகிதத்தோடு ஜனங்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். அங்கே மனு கொடுக்க உள்ளே போக, ஏற்கெனவே கொடுத்த மனுவின் எண்ணை யாரும் கேட்பதில்லை.

கடவுச்சொல்லை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றும் சடங்கு எங்கிருந்து வந்தது என்று மனுதாரர் தேடிப் பார்த்தார். 2003-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான ‘நிஸ்ட்’டில் பில் பர் என்ற அலுவலர் எழுதிய வழிகாட்டி, ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி, அவ்வப்போது மாற்றம் என்ற முறையை உலகமெல்லாம் பரப்பியது. எழுதியவரே 2017-இல், தாம் சொன்னதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு நிஸ்ட்டும், களவு போன அறிகுறி இல்லாதபோது சும்மா சும்மா மாற்றச் சொல்லாதீர்கள் என்று திருத்தி எழுதியது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. எழுதியவர் வருந்திவிட்டார், தங்கள் பிரிவு மட்டும் இன்னும் அவர் பேரில் விரதம் இருக்கிறது.

விரதத்தின் பலன் வருமாறு. மனுதாரரின் முதல் கடவுச்சொல் ‘மங்கை@1’. அடுத்தது ‘மங்கை@2’. இப்போது 14 நடக்கிறது. அடுத்தது என்னவென்று இந்தக் கடிதத்தைப் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். இது மனுதாரரின் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. பழைய கடவுச்சொல் தெரிந்தால், 100 கணக்குகளில் 17-இன் புதுக் கடவுச்சொல்லை ஐந்து ஊகத்துக்குள் பிடித்துவிடலாம் என்று வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே காட்டிவிட்டார்கள்.

அடுத்து அட்மின் உரிமை, அதாவது கணினியில் வேண்டியதை நிறுவவும் மாற்றவும் உள்ள அதிகாரம்.

எங்கள் ஊர் மரகத நடராஜரைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். ஆளுயரப் பச்சைத் திருமேனி. மத்தளம் முழங்க மரகதம் பொடிபடும் என்பார்கள், அவ்வளவு மென்மை. அதனால் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழித் திருவாதிரையையொட்டி ஒரே ஒரு நாள் சந்தனம் களைவார்கள். அதற்காக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து நள்ளிரவு வரை நிற்பார்கள். மனுதாரரின் மடிக்கணினிக்குள்ளும் அட்மின் உரிமை என்று ஒன்று இருப்பதாக நம்பப்படுகிறது. ஆனால் அதன் காப்பு இதுவரை எந்த மார்கழியிலும் களையப்படவில்லை. கோப்பு ஒப்பிடும் ஒரு சிறு இலவச மென்பொருளை நிறுவ மேலாளர், அவருடைய மேலாளர், பாதுகாப்புக் குழு, கொள்முதல் குழு என நால்வர் ஒப்புதல் வேண்டும். இலவசப் பொருளுக்குக் கொள்முதல் குழு எதற்கு என்று கேட்டதற்கு, விலை இல்லாததால்தான் தாமதமாகிறது என்று பதில் வந்தது.

இந்தப் பகை தங்கள் காலத்தில் தொடங்கியதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் முறையை உருவாக்கியபோது ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு. வேலை முடியவில்லை. 1962-இல் அவர் ஒரு துளையட்டையில், கடவுச்சொல் கோப்பை அச்சிடு என்று கட்டளை எழுதிப் போட்டார். இயந்திரம் பணிவோடு எல்லோருடைய கடவுச்சொல்லையும் அச்சிட்டுக் கொடுத்தது. முதல் பூட்டு வந்தவுடனே முதல் கள்ளச்சாவியும் வந்தது. செய்தவர் திருடர் இல்லை, வேலை முடியாத ஒரு பொறியாளர்.

‘ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார்?’ என்ற கேள்வியைப் பற்றியும் மனுதாரர் ஒரு பத்தி திட்டி எழுதி வைத்திருந்தார். பிறகு அடித்துவிட்டார். காரணம் இரண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த இடத்தில் இராக்கிய ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் கருவி 100 மணி நேரத்துக்கு மேல் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட ஓட அதன் கடிகாரக் கணக்கு பிசகி, ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப்போய்விட்டது. அந்த இடைவெளியில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். ‘மிக நீண்ட நேரம்’ ஓடினால் சிக்கல் வரும் என்று படைக்கு எச்சரிக்கை போயிருந்தது. எத்தனை மணி நேரம் என்பதைத்தான் யாரும் எழுதவில்லை. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. இரண்டாவது, 2015-இல் போயிங் 787 விமானங்களின் மின்னாக்கிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் தாமாகவே நின்றுவிடக்கூடும் என்று கண்டறிந்து, அவ்வப்போது அணைத்துப் போடும்படி அமெரிக்க விமானத் துறை உத்தரவிட்டது. ஆகாய விமானத்தையே அப்படிக் கேட்கும்போது மனுதாரரின் மடிக்கணினி எம்மாத்திரம்.

இந்த மனு இதே சுருதியில் முடிந்திருக்கும். ஆனால் போன திருவாதிரைக்கு மனுதாரரின் பெரியம்மா மகன் ஊருக்கு வந்துவிட்டார். அவர் வேறொரு நிறுவனத்தின் உதவிப் பிரிவில் எல்1, அதாவது முதலில் போனை எடுத்துத் திட்டு வாங்குகிறவர். பத்து வருஷமாக இரவுப் பணி. மனுவின் முதல் படியை வாசித்துவிட்டு, ‘நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. எங்களுக்கு எழுதத் தெரியாது, அவ்வளவுதான்’ என்றார்.

பிறகு அவர் சொன்னவை. கணக்குப் பிரிவில் இருப்பவர் போன் செய்தால், ஒன்றும் புரியவில்லை, நீங்களே பாருங்கள் என்பார். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பொறியாளர் போன் செய்தால் நோயையும் சொல்லி மருந்தையும் சொல்லி, எழுதிக் கொடுக்க மட்டும் ஆள் கேட்பார். ரீஸ்டார்ட் செய்தீர்களா என்றால் செய்தேன் என்பார். ரிமோட் எடுத்துப் பார்த்தால் இயந்திரம் 41 நாளாக ஓடிக்கொண்டிருக்கும். அப்டேட் வந்தால் ‘பிறகு நினைவூட்டு’ என்று தள்ளித் தள்ளி, அது தானாக இறங்கும் நாளில்தான் வாடிக்கையாளருக்கு டெமோ என்பார்.

‘உங்களுக்குத் தெரியும்கிறதுதான் எங்களுக்குப் பயமே’ என்றார் அண்ணன்.

பயத்துக்கு ஆதாரமும் வைத்திருந்தார். லாஸ்ட்பாஸ் என்பது ஊர் உலகத்தின் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் நிறுவனம். 2022-இல் அதன் பெட்டகத் திறவுகோல் நான்கே பொறியாளர்களிடம் இருந்தது. அவர்களில் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த ஒரு மென்பொருளின் ஓட்டை வழியாக ஆள் நுழைந்து, அவர் தட்டிய எழுத்துகளை எல்லாம் பதிவு செய்துகொண்டுபோய்விட்டான். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தூத்துக்குடியைத் தாண்டிப் போனால் கூடங்குளம். 2019 அக்டோபர் 29 அன்று, இணையத் தாக்குதல் செய்தி பொய் என்று அணுமின் நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீம்பொருள் புகுந்தது உண்மைதான் என்றது. நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள வலையில் இருந்த ஒரு பயனாளரின் கணினி அது. உலை இயங்கும் வலை தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்றும் கழகம் சொன்னது. பிரித்து வைத்த புண்ணியவான் மீதும் அங்கே யாராவது எரிச்சல் பட்டிருப்பார்கள்.

2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமையை அண்ணன் தேதியோடு சொல்கிறார். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் உறைந்த நாள். நம் விமான நிலையங்களில் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருத்தம் என்னவோ எளிது, ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் அணைந்து கிடக்கும் கணினிக்கு ரிமோட் எடுக்க முடியாது. வன்தட்டு பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேறு. அதை அண்ணன் போனில் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, மறுமுனையில் இருப்பவர் தட்ட வேண்டும். ஒன்று பிசகினால் மறுபடியும். விடிய விடிய அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் அவருக்கு வந்த மதிப்பீட்டில், ஓர் அழைப்புக்கு எடுத்துக்கொண்ட சராசரி நேரம் கூடிவிட்டதாகக் குறை எழுதியிருந்தார்களாம்.

கோயில் குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது அவர் தலபுராணத்துக்கு வந்துவிட்டார். இறைவன் ஆகம நூலை ஆயிரம் முனிவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, மண்டோதரிக்குக் காட்சி தர இலங்கை போனார். இங்கே குளத்தில் நெருப்பு எழுந்தது. 999 பேர் அதில் குதித்தார்கள். ஒருவர் மட்டும் நூலைக் காத்துக்கொண்டு கரையில் நின்றார். பிற்பாடு மாணிக்கவாசகராகப் பிறந்தவர் அவரே என்று கதை. ‘அந்த 999 பேரும் டெவலப்பர்ஸ். கரையில நின்னவரு பேக்கப் எடுக்கிற ஆளு’ என்றார் அண்ணன். மனுதாரரால் மறுத்துப் பேச முடியவில்லை.

ஆகவே மனுவின் பெறுநரை மனுதாரர் திருத்திக்கொள்கிறார். போன் எடுக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் இது இல்லை. அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் மூடினார்கள் என்று மட்டும் எண்ணுகிற, எத்தனை பேரின் வேலை மறுபடி ஓடத் தொடங்கியது என்று எண்ணாத தங்கள் நாற்காலிக்குத்தான் இது. மூடிய எண்ணிக்கைக்குத்தான் சம்பளம் என்றால் அவர்கள் மூடத்தான் செய்வார்கள். தேதிக்கு நிரலை ஒப்படைத்தால்தான் சம்பளம் என்றால் மனுதாரரும் அப்டேட்டைத் தள்ளிப்போடத்தான் செய்வார். இரண்டு அட்டவணையும் ஒரே மாடியில்தான் தயாராகின்றன.

டிக்கெட் தளத்தை வி.பி.என்.னுக்கு வெளியே வையுங்கள். 90 நாள் விதியை எடுத்துவிட்டு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். டிக்கெட்டை மூடும் பொத்தானை, டிக்கெட் போட்டவர் கையில் கொடுங்கள். அட்மின் உரிமையை வேண்டியவருக்கு வேண்டிய வேலைக்கு நேரம் குறித்துக் கொடுத்து, நேரம் முடிந்ததும் சந்தனத்தைப் பூசிவிடுங்கள். பதிலுக்கு மனுதாரர் இனி ரீஸ்டார்ட் செய்யாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டார்.

ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டும்,
மனுதாரர்.

பி.கு.: இந்தக் கடிதத்துக்கு டிக்கெட் எண் இல்லாததால் தபாலில் அனுப்பப்படுகிறது. ‘மங்கை@14’ இன்னும் 11 நாளில் காலாவதியாகிறது, தயவுசெய்து அதற்குள்.